வெட்டிய மூலை

கடைசி வரிசைச் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது.

சுவர் அவன் தலையைத் தாண்டிவிட்டது.

பழைய சுவருக்கு இந்த மூலை கிடையாது. இரண்டு தெருக்கள் சந்திக்கும் மனை. முனையில் காம்பவுண்டைச் சாய்வாக வெட்டி, தாழ்வாகக் கட்ட வேண்டும் என்றது ஊராட்சி விதி. வருகிற வண்டி தெரிய வேண்டுமாம்.

அன்று விதிப்படிதான் கட்டினான்.

வெட்டுப்பட்டது வடகிழக்கு மூலை.

குடிவந்த வருடமே அவன் மனைவி சுகந்தி காய்ச்சலில் போனாள்.

திதியன்று அவளுடைய அண்ணன் சாப்பிட்டு முடித்தும் இலையிலிருந்து எழவில்லை.

"காய்ச்சல் யாருக்குத்தான் வரல மாப்ள? ஈசானிய மூலைய வெட்டின வீட்டுல பொம்பளை தங்காதுங்க. நீங்க படிச்சவரு, சிரிப்பீங்க. அடுத்து பாப்பாதான இருக்குது?"

அவன் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

மறுநாள் மேஸ்திரிக்கு அவனேதான் போன் செய்தான்.

இப்போது மகள் தாரிணி கடைக்குப் போயிருந்தாள். சைக்கிளில். மேஸ்திரிக்கு வடை வாங்க.

கடை கிழக்குத் தெருவில். கேட் வடக்குத் தெருவில். அங்கே மணல் டிப்பர்கள் ஓடும். திரும்பும்போது மூலைக்கு முன்னால் நின்று மணி அடிப்பாள். வெட்டிய மூலையில் அவன் நிற்பான். வடக்குத் தெருவைப் பார்ப்பான். வண்டி இல்லையென்றால் கையைத் தூக்குவான்.

கை தெரிந்தால் வரலாம். தெரியாவிட்டால் நிற்க வேண்டும்.

அம்மா போன பிறகு அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

மாரப்பன் மேஸ்திரி தூக்குக்குண்டை இறக்கிச் சுவர் நேரா என்று பார்த்தார். கலவை ஒட்டிய கரணையைக் கழுவினார்.

"மூலை நேராயிருச்சுங்க. இனி பயமில்லைங்க."

அவன் சுவரைப் பார்த்தான். தெரு இல்லை. கடை இல்லை.

மணி அடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்.

அவன் எப்போதும் நிற்கும் இடத்துக்குப் போனான். முகத்துக்கு நேராக ஈரச் செங்கல்.

மறுபடி மணி.

நிற்கிறாள். நின்றுதான் இருக்கிறாள்.

வடக்குத் தெருவில் டிப்பரின் ஹாரன். ரொம்பப் பக்கத்தில்.

கூப்பிட வாயைத் திறந்தான். ஹாரன் குரலை விழுங்கியது.

எம்பிப் பார்க்கலாம் என்று மேல்வரிசையைப் பிடித்தான். கலவை காயவில்லை. செங்கல் அசைந்தது, பிடி நழுவியது.

கை மட்டும் சுவருக்கு மேலே நின்றது.

அந்தப் பக்கம் பெடல் கிறீச்சிட்டது.