கேள்விக்குறி போட்டாச்சு

அவள் மறுபடியும் படித்தாள். கட்டுரை அவளுடையதுதான். தலைப்பு மட்டும் வேறு.

'கண்ணைப் பறிக்குமா ஏ.ஐ.?'

பக்கத்தில் சிவப்புக் கண்களோடு ஓர் இரும்பு மண்டையோட்டின் படம்.

அவள் எழுதியிருந்த ஏ.ஐ., சர்க்கரை நோயாளியின் கண்ணைப் படமெடுத்து, பார்வை போகும் முன்பே எச்சரிக்கும் கருவி. அதைப் பற்றி எந்த நாட்டுப் பத்திரிகை எப்படி எழுதுகிறது என்று தேடித் தேடி எழுதியிருந்தாள்.

ஜப்பானில் ஒரு பத்திரிகை, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த சகா என்றது. அமெரிக்காவில் ஒன்று, யார் வேலை போகும், எந்தப் பங்கு ஏறும் என்றது.

நம் ஊருக்கும் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடைசிப் பத்தியைக் காணோம். மண்டையோட்டுக்கு இடம் வேண்டியிருந்திருக்கிறது.

செய்தி ஆசிரியரிடம் போனாள்.

"சார், அது கண்ணைக் காப்பாத்துற மெஷின்."

"தெரியும்மா. அதான் கேள்விக்குறி போட்டிருக்கேன்ல?"

"ஜப்பான்ல கூட..."

"இது ஜப்பானா? நம்மாளு பயந்தாத்தான் படிப்பான்."

அவர் போனை எடுத்துக்கொண்டார்.

அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சர்க்கரை நோயுள்ள அப்பாவை அதே கருவியில் கண்ணைக் காட்ட அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஒரு மாதம் அவள் கெஞ்சிய பிறகு, நேற்றுதான் சரி என்றிருந்தார்.

வீட்டில் அப்பா இன்னும் கைலியில் இருந்தார். மடியில் பேப்பர்.

"நான் வரல."

"ஏம்ப்பா?"

"நீயே எழுதியிருக்க. கண்ணைப் பறிச்சிரும்னு."

"அது தலைப்புப்பா. நான் வைக்கல. உள்ள படிச்சுப் பாருங்க."

அப்பா பேப்பரை மூக்கருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"உள்ள எழுத்து தெரியலம்மா."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கவும் வாசித்துக் காட்டினாள். வெட்டிய பத்தியையும் நினைவிலிருந்து சொன்னாள்.

"அப்ப பேப்பர்ல பெருசா போட்டிருக்கறது பொய்யா?"

அந்தப் பேப்பரில்தான் மகள் வேலை பார்க்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவர்.

"ஆமாப்பா. பொய்."

அப்பா எழுந்து வேட்டி கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா இந்தப் பேப்பரைப் படிச்சேனே. மத்ததெல்லாம்?"