ஒரு நட்சத்திரம் போட்டவர்

மட்டக்களப்பின் உன்னிச்சைக் கிராமத்தில் வீட்டிலிருந்தபடியே நிலோஜன் ஒரு மலிவுவிலைக் கணினி விளையாட்டைச் செய்து விற்றான். காடு வெட்டி, வயல் விதைத்து, கோட்டை கட்டி, பழங்காலத்து ராச்சியம் ஒன்றை வளர்க்கிற விளையாட்டு. விளையாடியவர்களின் கருத்துகளை மனைவி வதனிக்கு வாசித்துக் காட்டினான்.

“இந்த விலைக்கு நல்ல சாமானாம். கோட்டை பாக்க நல்ல வடிவாம். ஒரு ஆள் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிரிக்கு.”

“ஏனாம்?”

“அதில வாற குடியானவன்ட பிள்ளை காய்ச்சலில செத்தா, அடுத்த நாளே அவன் ஒண்டும் நடக்காத மாதிரி மரம் வெட்டப் போறானாம். மனுசர் இப்பிடி இரிப்பாங்களா எண்டு கேட்டிரிக்கு. விசரன்! விளையாட்டில அழுதுகொண்டா இரிக்கிற?”

சிரித்தபடி பதில் எழுதத் தொடங்கினான்.

“அதை எழுதினது நான்தான்” என்றாள் வதனி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“நம்மட பிள்ளையப் புதைச்ச மறுநாளே இந்தக் கதிரையில வந்து குந்தினீங்க. அதுக்கு மறுகா அவளப் பத்தி ஒரு கதையுமில்ல. ஊர் பேர் தெரியாத ஆக்களுக்கெல்லாம் பதில் போடுறீங்க. எனக்கும் ஒரு பதில் வருமெண்டு பாத்தன்.”

“தக்ஷா...” என்று மகளின் பெயரைத்தான் நிலோஜனால் சொல்ல முடிந்தது. எழுதத் தொடங்கிய பதிலை விட்டுவிட்டு விம்மி அழுதான்.