ஊமைக் கட்டை

பழைய பியானோவுக்கு நடுவில் ஒரு கட்டை ஊமை. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. வாங்க வந்த ஜெசிந்தா அதைத் தொடவே இல்லை. மரத்தின் பளபளப்பிலேயே மயங்கிவிட்டாள்.

குட்டியானை என்று ஊரே கூப்பிடும் சின்ன வேனில் ஏற்றிக் கயிறு கட்டி, வண்டி கிளம்பியதும் பியானோ நடுங்க ஆரம்பித்தது.

"என்ன அண்ணே, ரோடு குலுக்குதா?" என்றது குட்டியானை.

"ரோடு இல்லப்பா. என் கட்டை ஒண்ணு பேசாது. வீட்டுக்குப் போனதும் தெரிஞ்சிடும். இன்னிக்கே திருப்பி அனுப்பிடுவா."

"எனக்கு ஹாரனே பேசாது. அது தெரிஞ்சுதான் எங்க டிரைவர் என்னை வச்சிருக்கார்."

"உன் கதை வேற. நீ சுமை தூக்குற வண்டி. நான் சங்கீதம்" என்றது பியானோ. வழியெல்லாம் டிரைவர் என்னவோ கத்திக்கொண்டே வந்தார். கவலையில் அதன் காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்குள் இறக்கி வைத்ததுமே ஜெசிந்தா வாசிக்க உட்கார்ந்தாள். நடுவில் வந்ததும் பாட்டு தடுக்கியது. அந்தக் கட்டையை மறுபடி அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். 'தெரிஞ்சிடுச்சு' என்று நினைத்தது பியானோ.

ஜெசிந்தா முதலிலிருந்து தொடங்கினாள். அந்த இடம் வந்தபோது விரல் கட்டையை அழுத்தியது, சத்தத்தை அவளே பாடினாள். பாட்டு நிற்காமல் போனது.

வாசலில் குட்டியானை கிளம்பியது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பீப் பீப்! ஓரம் போங்கய்யா!" என்று கத்தினார்.

இந்த முறை பியானோவுக்கு நன்றாகக் கேட்டது.