மணித்தொப்பி

பாவாடை முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் வருஷம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், 1920களின் ஒரு சனிக்கிழமை மாலை. ஞாயிறு பூசைக்கு முன் சவரம் செய்துகொள்ள ஆண்கள் சுவரோரம் காத்திருக்க, முடிதிருத்துபவர் தெயோபீலின் நாற்காலியில் நூற்பாலைக்காரி எல்வீரா உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் மணி வடிவில் ஒரு புதுத் தொப்பி. கொண்டை மேல் வைத்தால் அது பானை மேல் பானையாக நிற்கிறது. "தொப்பிய மாத்திக்கிட்டா என்ன?" என்கிறார் துறைமுகச் சுமைகாரர் கமீல். "தொப்பி புதுசு. கொண்டைதான் பழசு. நீங்க வெட்டுங்கண்ணே," என்கிறாள் எல்வீரா தெயோபீலிடம். கத்தரி நறநறவென்று கடிக்கிறது. அவிழ்த்த கொண்டையின் பின்னல் தரையில் மெத்தென்று விழுகிறது. சன்னல் வெயில் முதல் தடவையாகப் பிடரியைத் தொட, அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். தெயோபீல் பழக்கதோஷத்தில் சோப்பைக் குழைத்து, நுரைத் தூரிகையை அவள் கன்னத்தருகே கொண்டுபோய், "தாடியும் எடுத்துடவா?" என்கிறார். "எடுங்க. மீசைய மட்டும் விட்டுடுங்க." கடையே குலுங்குகிறது. இப்போது தொப்பி தடையில்லாமல் வழுக்கி இறங்கிப் புருவத்தை மூடுகிறது. குனிந்தால் சொந்த மூக்குதான் தெரிகிறது. எந்திரத்தின் முன் குனிந்தே பழகிய கழுத்தை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். "பாரேன், மகாராணி கணக்கா போறா," என்கிறார் கமீல். "என்ன பண்றது, தலைய தூக்கலேன்னா வழி தெரியலியே."