எர்த்துக்கு ஒரு வாளி

“ரேடியோவுக்குத் தண்ணி ஊத்துறா அண்ணே! நாக்கை நனைக்கத் தண்ணி இல்ல, இவளுக்குப் பாட்டு கேக்குதா பாட்டு!”

பக்கத்து வீட்டு சமினா என்னைப் பார்த்துப் போட்ட கூச்சலில் பாதி ஊர் கூடிவிட்டது. நாலு மாதமாக மழை இல்லை. லாரி வந்தால் வீட்டுக்கு இரண்டு வாளி. பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட மாட்டுக்குப் போகிறது. துகினெம் மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு வாளியைக் கொண்டுபோய், ஜன்னலுக்கு வெளியே ரேடியோவின் எர்த் கம்பியை மண்ணில் புதைத்த இடத்தில் கொட்டுகிறாள்.

“ரேடியோ ரிப்பேர் பாக்குறவரு நீங்க. எர்த்துல தண்ணி ஊத்தினா ஸ்டேஷன் தெளிவா வருமா, வராதா? வராதுன்னா இனிமே அவளுக்கு ஒரு வாளிதான்.”

எனக்கும் எரிச்சல்தான். நாலு கேள்வி கேட்டுவிடுவது என்றுதான் துகினெம் வீட்டுக்குள் போனேன்.

கட்டிலில் அவள் புருஷன் கர்சோ. பார்வை போய் ஆறு வருஷம். இப்போது நெஞ்சுவலி வேறு. தலைமாட்டில் ரேடியோ கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது.

“மண்ணு காஞ்சுபோச்சு தம்பி, அதான் இழுக்க மாட்டேங்குது. செமராங் டவுன்ல கட்டட வேலை பாக்குறானே எம்மவன் வகியோ, சனிக்கிழமை தவறாம நேயர் விருப்பத்துல ஒரு பாட்டு கேட்டு, ‘அப்பாவுக்கு சலாம்’னு எழுதிப் போடுவான். ரேடியோவுல வாசிப்பாங்க. மூணு வாரமா ஒண்ணும் கேக்கல. இவ ஒழுங்கா ஊத்துறாளோ என்னமோ.”

“ஊத்துற சத்தம் கேக்கலியாக்கும்?” என்றாள் துகினெம்.

ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தேன்.

“கண்டிப்பா ஊத்தணும்” என்றேன். “அரை வாளியெல்லாம் ஆகாது. பத்தலன்னா என் வீட்டுப் பங்குல எடுத்துக்கட்டும்.”

“ஒரு கிளாஸ் காபியில ஆளை மடக்கிட்டாடி!” என்றாள் சமினா. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். நான் சொன்னது பொய்தான். எர்த்தில் ஒரு குறையும் இல்லை. ஸ்டேஷனை இழுக்கிற ஏரியல் ஒயரைத்தான் யாரோ கத்தியால் நறுக்கியிருந்தார்கள். அதை ஒட்டவைக்கப் போனபோது துகினெம் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள். அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். கட்டட மேஸ்திரி எழுதியது. சாரம் சரிந்து வகியோ போய்விட்டான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

“வெட்டினது நான்தான் தம்பி” என்றாள் மெதுவாக. “ஸ்டேஷன் தெளிவா கேட்டா, சனிக்கிழமை புள்ள பேரு வரலன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். மண்ணு மேல பழியைப் போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு மகன் இருக்கான்.”