மருமகளுக்கு ஒரு மாத்திரை

“இன்னிக்கும் மருமகளைக் கூட்டிட்டு வரலையா?”

மருந்துக்கடைக்காரியின் குரலில் மூன்று நாள் எரிச்சல் இருந்தது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பருத்த அம்மாள், பெரிய துணிப்பையை வயிற்றோடு அணைத்தபடி தலையை ஆட்டினாள்.

“அவளால வர முடியாதும்மா. உள்ளே வைக்கிற மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடு, போதும்.”

“முந்தாநாளும் சொன்னேன், நேத்தும் சொன்னேன். ஏழு மாசக் கர்ப்பிணிக்கு டாக்டர் சீட்டு இல்லாம நான் எதுவும் தர மாட்டேன்.”

அந்தக் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் வேறு யாருக்காகவோ மருந்து வாங்குபவர்கள். அதனால் ‘யாருக்கு?’ என்பதுதான் கடைக்காரியின் முதல் கேள்வி. பதில் வருவதற்குள் அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவாள். எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

“முந்தாநாள் வெள்ளையாப் படுதுன்னீங்க. மாசமா இருக்கும்போது பால் மாதிரி கொஞ்சம் கூடுதலாப் படறது சகஜம்தான், நாத்தமோ அரிப்போ இல்லைன்னா பயப்பட வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். நேத்து மஞ்சளாயிடுச்சுன்னீங்க. இன்னிக்கு என்ன?”

“பச்சை கலந்த மாதிரி இருக்கு. நாத்தம் கொல்லுது. ராத்திரி பூரா அரிப்பு, பொட்டுத் தூக்கம் இல்ல.”

“ஒண்ணுக்குப் போனா எரியுதா?”

“எரியுது.”

“அப்ப அது தொற்று. என்ன தொற்றுன்னு டாக்டர் பார்த்துத்தான் மருந்து எழுதணும். நான் பாட்டுக்கு ஏதோ ஒரு மாத்திரையைக் குடுத்து, உள்ளே இருக்கிற குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?”

பின்னால் இருமல் மருந்துக்காக நின்றவர் பெருமூச்சு விட்டார். “கால் மணி நேரமா நிக்கிறேன். என் இருமலே அலுத்துப்போய் நின்னுடுச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தாமலே சேர்த்துக்கொண்டார். “மருமகளை வாசல் தாண்ட விட மாமியாருக்கு மனசு வரலை போல.”

அந்த அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைக் கண்ணாடி மேல் வைத்தாள். “பின்னாடி பாத்ரூம் இருக்காம்மா?”

கடைக்காரி சாவியை எடுத்து நீட்டினாள். அந்த அம்மாள் மெதுவாகப் பின்பக்கம் போனாள். அதற்குள் இருமல்காரர் பாட்டிலை வாங்கிக்கொண்டு இருமிக்கொண்டே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அந்த அம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

“ஏம்மா, தண்ணி மாதிரி வந்தா?”

“எவ்வளவு?”

“துணி நனையிற அளவுக்கு. நிக்க மாட்டேங்குது.”

கடைக்காரி கையிலிருந்த அட்டைப்பெட்டியை மேசை மேல் அடித்து வைத்தாள். “இதைச் சொல்லாமத்தான் இவ்வளவு நேரம் அரிப்பைப் பத்திப் பேசிட்டிருந்தீங்களா? பனிக்குடத் தண்ணியாக்கூட இருக்கலாம். ஏழு மாசத்துல தண்ணியாக் கசிஞ்சாலும் சரி, ரத்தம் பட்டாலும் சரி, நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப்போடற விஷயமே இல்ல. இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அவளுக்கு வெட்கமா இருக்கும்மா. நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்கன்னு…”

“கர்ப்பமா இருக்கறதுல என்ன வெட்கம்? எங்கயாவது திருடிட்டு வந்தாளா? டாக்டர் தினமும் நூறு பேரைப் பார்க்கிறாங்க, அவங்களுக்கு இதெல்லாம் ஜலதோஷம் மாதிரி. நீங்க பெத்த பொண்ணா இருந்தா, இப்படி வீட்டுல போட்டுட்டு வந்து என்கிட்ட மாத்திரைக்கு மல்லுக்கட்டுவீங்களா?”

அந்த அம்மாள் பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். “குழந்தை பிழைச்சுக்குமா?”

“இப்பவே போனா காப்பாத்த வழி இருக்கு. பேசிட்டே நின்னா எனக்குத் தெரியாது.” கடைக்காரி கண்ணாடி மேல் கிடந்த போனை அவள் பக்கம் தள்ளினாள். “இந்தாங்க, உங்க போன் அப்பலேர்ந்து இங்கயேதான் கிடக்கு. மருமகளைக் கூப்பிட்டு நடமாடாம படுத்திருக்கச் சொல்லுங்க. வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க, ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன்.”

“வீட்டுக்கு வேணாம்மா. இங்கயே வரச் சொல்லு.”

“இங்க வந்து யாரை ஏத்திட்டுப் போறது, என்னையா?” கடைக்காரிக்குப் பொறுமை அறுந்தே போயிற்று. “அந்தப் பொண்ணு அங்க தனியாத் தவிச்சிட்டிருப்பா. நீங்க என்னடான்னா…”

அந்த அம்மாளின் துணிப்பை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பையனுக்கு இப்பத்தான் பொண்ணே பார்த்துட்டிருக்கோம்மா.”