வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

“எங்கப்பாவை நாயை அடைக்கிற மாதிரி அறையில போட்டு அடைச்சியேடி! நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

நாத்தனாரின் குரல் கூடத்தைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது.

பட்டாளத்தார் போய்ச் சேர்ந்து ஒரு வாரம். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று உறவும் தெருவும் மகன் வீட்டில் கூடியிருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டி செத்ததும் பட்டாளத்தை உதறிவிட்டு வந்து, மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

“பின்னலா அது? கூடாரக் கயிறு! இழுத்தாலும் அவிழாது” என்றார் அவரே.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் பதக்கங்களை எடுத்துவந்து படத்துக்கு முன்னால் வைக்கிறேன் என்று எழுந்து போனாள் மகள். போனவள்தான் அறை வாசலில் நின்று இப்படிக் கத்தினாள்.

“வந்து பாருங்க எல்லாரும்! தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க!”

பார்க்கச் சொன்னால் விடுவார்களா? டீ டம்ளரோடு எழுந்து போய்ப் பார்த்தார்கள். கதவின் வெளிப்பக்கம், கட்டை விரல் தடிமனில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றும் இல்லை.

“நான் அப்பவே நினைச்சேன்” என்றாள் ஒன்றுவிட்ட சித்தி. “போன தடவை வந்தப்ப, தூங்கிட்டார்னு சொல்லி இவ என்னைப் பார்க்கவே விடலை.”

மருமகள் டீத் தட்டோடு அப்படியே நின்றாள்.

“என் வீட்டுல இருந்த வரைக்கும் அப்பா ராஜா மாதிரி இருந்தார். மகனோட இருக்கணும்னு ஆசைப்பட்டாரேன்னு மனசே இல்லாம அனுப்பி வச்சேன். வாயைத் திற! தாழ்ப்பாள் போட்டியா, இல்லையா?”

“போட்டேன் அண்ணி.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“எதுக்கு?”

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் படத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் அழுக்கே இல்லை.

“கேட்டீங்கல்ல? இவ இந்தப் படத்துக்கு முன்னாடி நிக்கக்கூட லாயக்கில்லை. தம்பி, உன் பெண்டாட்டியை உள்ளே போகச் சொல்லு. இவ போனாத்தான் நான் உட்காருவேன்.”

தம்பி நிமிரவில்லை. “கொஞ்ச நேரம் உள்ளே இரேன்” என்றான், கண்ணாடியைப் பார்த்து.

மருமகள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நில்லும்மா. நீ எங்கேயும் போக வேணாம்.”

மூலை நாற்காலியில் இருந்த ஒயர்லெஸ் தாத்தா. பட்டாளத்தாரோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவர். அங்கே பார்த்த ஒயர்லெஸ் வேலையே பேராக ஒட்டிக்கொண்டது.

“என் வீட்டுலயும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கு. என் சம்சாரம்தான் போடுறா.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“பட்டாளத்துல இருந்தப்ப ஒண்ணும் தெரியலை. உடம்பு தளர்ந்ததுக்கப்புறம் எல்லாம் திரும்பி வருது. தூக்கத்துல எழுந்துடுவோம். முன்னால நிக்கிறது பேரப்பிள்ளையா, எதிரியான்னு தெரியாது. கழுத்தைப் பிடிச்சிடுவோம். காலையில கேட்டா ஞாபகமே இருக்காது. அடைச்சு வைம்மான்னு சொன்னது அவனேதான். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு இந்தப் பொண்ணுகிட்ட சத்தியமும் வாங்கிட்டான்.”

கைத்தடி மகனை நோக்கி நீண்டது. “உனக்கும் தெரியுமேடா?”

அவன் கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தான்.

“அடைச்சிட்டு இவ போய்ச் சொகுசா படுக்கலை. அந்தக் கதவுக்கு வெளியிலயே தரையில படுத்துக்கிட்டா. அவன் அலறும்போதெல்லாம் ‘நான் இங்கதான் இருக்கேன் மாமா’ன்னு குரல் குடுப்பாளாம். எங்கிட்ட சொல்லி அழுதான்.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“தங்கமான பொண்ணுன்னு நான் அப்பவே நினைச்சேன்” என்றாள் ஒன்றுவிட்ட சித்தி.

நாத்தனார் ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ, எனக்கு எதுவுமே தெரியாதேடி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்பாவுக்கு இப்படி ஒரு கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா, அவரை என் வீட்டை விட்டே அனுப்பியிருக்க மாட்டேனே! நானே வாசல்ல படுத்திருப்பேனே!”

“பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாத்தனாருக்குத்தான்.

மருமகள் தன் தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டாள்.

“மாமா யார்கிட்டயும் சொல்லாதேன்னார். சொல்லலை. இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு, இனி நான் வாயை மூடிட்டிருக்க வேணாம். அண்ணி, மாமாவை நீங்க கொண்டுவந்து விட்ட அன்னிக்கு, அவர் பெட்டியில துணிக்கு மேலேயே இந்தத் தாழ்ப்பாள் இருந்துச்சு. பெயின்டெல்லாம் தேய்ஞ்ச பழைய தாழ்ப்பாள். ஸ்க்ரூவைக்கூடத் தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுத்தீங்க. அது உங்க வீட்டுல எந்தக் கதவுல இருந்துச்சுன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”